மூன்றெழுத்துக்குள் நான்கு வேலைகள்

ஆய்வு!

மூன்றே எழுத்து. ஆனால் அந்த மூன்றெழுத்துக்குள் எத்தனை பேர் குடியேறியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே?

மாவட்ட ஆட்சித் தலைவர் அரசு மருத்துவமனைக்குள் திடீரென நுழைகிறார். படுக்கை விரிப்பைப் புரட்டிப் பார்க்கிறார். மருந்து இருப்பு எவ்வளவு என்று கேட்கிறார். மறுநாள் ஏட்டில் செய்தி: "ஆட்சியர் ஆய்வு." அமைச்சர் அதிகாரிகளை அழைத்து, அறிவித்த திட்டம் ஊருக்குள் போய்ச் சேர்ந்ததா என்று வினவுகிறார், அதுவும் "ஆய்வு." கல்லூரிப் பேராசிரியர் கேள்வித் தாளோடு தெருத்தெருவாக வருகிறார், "கள ஆய்வு." மருத்துவர் ஒருவர் புதிய மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடாமல், இரு தரப்பாரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார், அதற்கும் அதே பெயர்தான்!

பார்வையிடுவதும் ஆய்வு, கணக்குக் கேட்பதும் ஆய்வு, உடம்பில் மருந்தேற்றிச் சோதிப்பதும் ஆய்வு! ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஒரே சரக்கு, ஒரே விலை என்று ஒருவர் வந்து சொன்னால் ஆம்பூர்த் தோழர் சிரிக்க மாட்டாரா? தொட்டுப் பார்த்தே தோலின் தரம் சொல்லும் விரல்கள் நம் தோழர்களின் விரல்கள். அந்தத் திறமையைக் கொஞ்சம் இந்தச் சொல்லின் பக்கமும் திருப்புங்கள் என்றுதான் இன்று கேட்கிறோம்.

"சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது பண்டிதர் வேலை, பாட்டாளிக்கு அதனால் என்ன?" என்று கேட்பர் சிலர். சொல்கிறோம். இங்கே பெயரைப் பொறுத்துத்தான் உரிமை. ஒரு பெயர் சூட்டினால், உங்களைக் கேட்டு, உங்கள் சம்மதம் பெற்று, ஒரு குழுவின் முன் கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் கையில் ஊசி குத்த முடியும். இன்னொரு பெயர் சூட்டினால், அவை எதுவும் இல்லாமலே காரியம் நடந்துவிடும். பெயரை மாற்றி உரிமையைப் பறிக்கும் வித்தை ஒன்று உண்டு என்றால், அதைப் பாட்டாளி தெரிந்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா?

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மடிந்தனர். 2025 ஜனவரி 30-இல் மீண்டும் உச்ச நீதிமன்றம், இழப்பீடு உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைய வேண்டும் என்றும் ஆணையிட்டது. தண்ணீரை அளக்கிறார்கள், மண்ணை அளக்கிறார்கள். அளக்க வேண்டியதுதான்! ஆனால் மண்ணை அளப்பதற்கு மண்ணின் சம்மதம் தேவையில்லை. மனிதனை அளக்க வருபவர், "எந்த வேலைக்காக வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.

செருப்பு சொல்லும் பாடம்

நான்கு வேலைகளையும் பிரித்துக் காட்ட, வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் வேலூரே போதும்; நம் தொழிலான செருப்பே போதும்.

தொழுநோயாளியின் காலில் ஏன் புண் வருகிறது? நோயே சதையை அரித்துத் தின்கிறது என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், "அப்படித்தானா?" என்று கேட்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்தார்கள். சதை தானாக உதிரவில்லை. உணர்ச்சி செத்த காலில் கல் குத்தினாலும் ஆணி தைத்தாலும் தெரிவதில்லை. தெரியாமலே அதன் மேல் நடந்து நடந்து புண்ணாகிறது என்று கண்டார்கள். அந்தக் காலுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு பிறந்தது. இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குவது அந்த வகைதான்.

இதுவரை எவரும் அறியாத ஒன்றை அறியக் கேள்வி கேட்பது, அதன் விடை அந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டுமன்றி எல்லா ஊருக்கும் பயன்படுவது — இதுதான் ஆராய்ச்சி.

செருப்பு வந்துவிட்டது. "உணர்ச்சியற்ற கால் உள்ள ஒவ்வொருவருக்கும் இந்தச் செருப்புத் தர வேண்டும்" என்று விதியும் எழுதியாகிவிட்டது. எழுதிய விதிப்படி நடக்கிறதா? வந்த நோயாளிகள் எத்தனை பேர், செருப்புப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது தணிக்கை. இங்கே புதிய உண்மை தேடவில்லை. "சொன்னதைச் செய்தாயா?" என்று கேட்கிறோம்; அவ்வளவுதான்.

செய்யவில்லை என்று தெரிகிறது. ஏன்? அளவெடுக்க ஒரு நாள், வாங்கிப் போக இன்னொரு நாள் என்று இரண்டு முறை வரச் சொல்கிறார்கள். நாள் கூலிக்காரர் இரண்டாம் முறை வருவதில்லை. சரி, வந்த அன்றே அளவெடுத்துக் கையோடு கொடுத்து அனுப்பிப் பார்ப்போம். அடுத்த மாதம் எண்ணுவோம். குறை தெரிந்தால் மீண்டும் திருத்துவோம் என்று, தன் வீட்டைத் தானே செப்பனிடுவது தர மேம்பாடு.

ஐந்து ஆண்டுகள் ஓடின. மாவட்டம் முழுவதும் செருப்பு வழங்க அரசு பணம் செலவிட்டது. செலவிட்ட பணத்துக்குப் பலன் உண்டா? திட்டத்தைத் தொடரலாமா, மாற்றலாமா, விடலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவது மதிப்பீடு.

ஒரே செருப்பு; நான்கு கேள்விகள். உண்மை என்ன என்பது முதற் கேள்வி. விதிப்படி நடந்ததா என்பது இரண்டாவது. எப்படி இன்னும் நன்றாகச் செய்வது என்பது மூன்றாவது. பயன் விளைந்ததா என்பது நான்காவது. நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி "ஆய்வு" என்று முத்திரை குத்தினால் குழப்பம் வராமல் வேறென்ன வரும்?

கம்மத்தில் நடந்தது என்ன?

குழப்பம் வெறும் சொல்லளவில் நின்றால் நாம் கவலைப்பட மாட்டோம். நடந்ததைப் பாருங்கள்.

2009-ஆம் ஆண்டு. அன்றைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும், 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஏறத்தாழ 24,000 சிறுமிகள். கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

திட்டத்தை நடத்தியவர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "செயல் விளக்கத் திட்டம்"! ஊசி ஏற்கெனவே நாட்டில் அனுமதி பெற்றது, நாங்கள் புதிதாக எதையும் சோதிக்கவில்லை, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் பார்க்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

விளைவு? 9,543 சம்மதப் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர் பெற்ற தாயுமல்லர், தந்தையுமல்லர். விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும்! காட்டிலே விறகு வெட்டிக்கொண்டிருந்த தகப்பனுக்குத் தன் மகள் கையில் எதற்காக ஊசி ஏறியது என்று தெரியாது. விடுதிக் காப்பாளருக்கு அந்தப் பிள்ளைகளின் உடல்மேல் பட்டா எழுதிக் கொடுத்தவர் யார்?

ஏழு சிறுமிகள் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அந்தச் சாவுகளுக்கு ஊசிதான் காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை, தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அந்த ஊசி கெட்டதும் அல்ல; உலக நாடுகள் பல இன்று அதைத் தம் பெண் மக்களுக்குப் போடுகின்றன, புற்றுநோயைத் தடுக்கின்றன. ஆனால் 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு, இது திட்டம் என்ற போர்வையில் நடந்த மருந்துச் சோதனையே என்று கடுமையாகச் சாடியது. சோதனை என்று ஒப்புக்கொண்டிருந்தால் முறையான சம்மதம் வேண்டும், தீங்கு நேர்ந்தால் உடனே தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும், காப்பீடு வேண்டும். பெயர் மாறியது; வேலிகள் எல்லாம் சாய்ந்தன!

நல்ல ஊசியாயிற்றே, கேட்காமல் போட்டால் என்ன என்பார் உண்டு. நல்லதைச் செய்யப் போகிறவருக்குக் கேட்பதில் ஏன் தயக்கம் என்பதே நம் கேள்வி.

மறு பக்கமும் உண்டு

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் மருத்துவமனையில் யார் எந்த ஏட்டைத் திறந்தாலும் குழுவின் அனுமதி வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே!" என்று துடிக்கும் தோழர்கள் இருப்பார்கள். பொறுங்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் பெரிய இரத்தக் குழாயில் செருகும் குழாய் வழியே கிருமி புகுந்து பலர் மாண்டுகொண்டிருந்தனர். 2003-இல் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் நூற்றுக்கு மேற்பட்ட சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்தே விதிகளைக் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். கையைக் கழுவு, நோயாளியை முழுதும் தூய துணியால் மூடு, மருந்தால் தோலைத் துடை, தொடை வழியே குழாய் செருகுவதைத் தவிர், தேவையற்ற குழாயை உடனே எடுத்துவிடு. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. தெரிந்த ஐந்தையும் தவறாமல் செய்ய வைத்தார்கள். பதினெட்டு மாதங்களில் கிருமித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

2007-இல் மத்திய அலுவலகம் ஒன்று குறுக்கே வந்தது. "இது ஆராய்ச்சி, முறையான ஒப்புதல் எங்கே?" என்றது. உயிர் காத்த வேலைக்கு முட்டுக்கட்டை! எதிர்ப்பு எழுந்த பிறகு, 2008-இல், மருத்துவமனைகள் இதைத் தொடரத் தடையில்லை என்று அதே அலுவலகம் இறங்கி வந்தது. கையைக் கழுவச் சொல்வதற்கு நோயாளியிடம் கையெழுத்து வாங்கவா வேண்டும்?

அயல்நாடு எதற்கு? நம் தமிழ்நாட்டையே பாருங்கள். 1990-களிலேயே பேறுகாலச் சாவுத் தணிக்கையைத் தொடங்கிய மாநிலம் இது. ஒரு தாய் பிள்ளைப்பேற்றில் இறந்தால், அந்தச் சாவை மூடி மறைக்காமல், எந்த இடத்தில் காலம் தாழ்ந்தது, வீட்டிலா, வழியிலா, மருத்துவமனை வாயிலிலா, இரத்தம் கிடைக்காமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிய வேண்டும். தனி மனிதரைக் கழுவேற்றுவது நோக்கமல்ல. ஓட்டையைக் கண்டு அடைப்பது நோக்கம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2001-03 காலத்தில் 134 தாய்மாரை இழந்த தமிழ்நாடு, 2018-20 காலத்தில் 54 என்ற அளவுக்கு இறங்கி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பகலாகச் செவிலியர், ஓடி வரும் 108 வண்டி, இரத்த வங்கி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் தேர் எந்தக் கல்லில் முட்டி நிற்கிறது என்று காட்டியது தணிக்கை. அந்தத் தணிக்கையை, "அனுமதி வரட்டும்" என்று ஆறு மாதம் அலமாரியில் பூட்டி வைத்தால் அடுத்த தாயைக் காப்பது யார்?

ஆகவே இரண்டு தவறுகள். ஆராய்ச்சியைத் தணிக்கை என்று பெயர் மாற்றி ஏழையின் உரிமையைத் திருடுவது ஒன்று. தணிக்கையை ஆராய்ச்சி என்று மிரட்டி ஏழைக்கு வர வேண்டிய நல்ல மருத்துவத்தைத் தடுப்பது மற்றொன்று. இரண்டிலும் இழப்பவன் ஒருவனே!

ஆராய்ச்சி நமக்குப் பகையா? இல்லவே இல்லை! 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒரு கேள்வி கேட்டது. காசநோயாளியை மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடத்தித்தான் ஆக வேண்டுமா? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் ஆகாதா? 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேர் மருத்துவமனைக்கு, பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கு. யார் எங்கே என்பதை மருத்துவரின் விருப்பமும் தீர்மானிக்கவில்லை, நோயாளியின் விருப்பமும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போல் தீர்மானித்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. நல்ல மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், குடிசையில் இருந்தவரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார். வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகமே தன் மருத்துவ முறையை மாற்றிக்கொண்டது! சென்னையின் ஏழைகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது.

ஆனால் கவனியுங்கள். சீட்டுக் குலுக்கி மருத்துவம் பார்க்கும்போது, நோயாளி தன் நலத்துக்காக மட்டும் அங்கே இல்லை. நாளை வரப்போகும் முகம் தெரியாத மனிதர்களுக்காகவும் அவர் தன் உடலைத் தருகிறார். தருகிறவரைக் கேட்டு வாங்குவது கொடை. கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது!

வாயிலில் வண்டி வந்து நின்றால்

இனி நம் தொழிற்சாலை வாயிலுக்கு வருவோம். ஒரு நாள் காலை, மருத்துவ வண்டி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். இரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீர் கேட்கிறார்கள், குரோம் பட்ட கையைப் புகைப்படம் எடுக்கிறார்கள். "எதற்கய்யா?" என்றால், "ஆய்வு" என்கிறார்கள்.

அது தொழிலாளியின் நலம் காக்கச் சட்டப்படி செய்யும் உடற்சோதனை என்றால், அது நிர்வாகத்தின் கடமை, சலுகையன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குரோமியப் புண்ணையும் ஆந்த்ராக்ஸ் நோயையும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம்; புண்ணின் வலி மாறுவதில்லை. சோதித்தவர் முடிவைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு வழி சொல்ல வேண்டும்.

அது மருத்துவமனை தன் பணியைத் தானே சரிபார்க்கும் தணிக்கை என்றால், ஏற்கெனவே உள்ள பதிவேடு போதும். புதிதாக உங்கள் கையில் ஊசி குத்த வேண்டிய தேவை என்ன?

அது ஆராய்ச்சி என்றால் விதி வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. நெறிமுறைக் குழு ஒன்று முதலில் பார்த்து ஒப்ப வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர் மட்டுமல்ல. சட்டம் அறிந்தவரும், சமூகத்திலிருந்து வரும் சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். முதலாளியின் கீழ் வேலை செய்பவர், "முடியாது" என்று சொல்ல அஞ்சுவார் என்பதை உணர்ந்து, அத்தகையோருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அதே ஏடு கூறுகிறது. புதிய மருந்துச் சோதனையாக இருந்தால், 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனையால் ஊறு நேர்ந்தவருக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

தரத் தணிக்கைக்கும், திட்டத்தைச் செம்மைப்படுத்த மட்டுமே அரசு செய்யும் மதிப்பீட்டுக்கும், தனி மனிதர் அடையாளம் அதில் இல்லாதபோது, விலக்கு அளிக்கலாம் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அந்த விலக்கை வழங்க வேண்டியவர் யார்? வேலையைச் செய்பவர் அல்லர், நெறிமுறைக் குழு! என் வழக்குக்கு நானே நீதிபதி என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

எல்லையில் நிற்கும் வேலைகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆம்பூரில் இன்று மருத்துவத்துக்காக எழுதிய பதிவேடு, பத்து ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் கைக்குப் போகலாம். தன் குறையைத் திருத்தத் தொடங்கிய மருத்துவமனை, பாதி வழியில் இரண்டு முறைகளை ஒப்பிட்டு உலகுக்கு எழுத விரும்பலாம். பெயர்ப்பலகையைப் பார்த்து இவற்றைத் தீர்மானிக்க முடியாது. செய்கையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். "எழுதி வெளியிடுகிறோம், ஆகவே ஆராய்ச்சி" என்பதும் தவறு. "வெளியிடப் போவதில்லை, ஆகவே ஆராய்ச்சியல்ல" என்பதும் தவறு.

செய்கையைப் பார்ப்பது எப்படி? கேள்விகள் இவை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே!

வழக்கமான மருத்துவத்தில் இல்லாத ஏதாவது எனக்குச் செய்யப்படுகிறதா? இதன் பலன் எனக்கா, இந்த மருத்துவமனைக்கா, வேறெங்கோ இருப்பவர்க்கா? என் பெயரும் நோயும் யார் கைக்குப் போகும், முதலாளியின் மேசைக்கும் போகுமா? மறுத்தால் என் வேலைக்கும் மருத்துவத்துக்கும் ஊறு வருமா? முடிவை எனக்குச் சொல்வீர்களா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யார்? நெறிமுறைக் குழு பார்த்ததா, அதன் ஒப்புதல் எங்கே?

இந்தக் கேள்விகளைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நேர்மையான மருத்துவர் மகிழ்ந்து விடை சொல்வார். விடை சொல்லத் தயங்குபவர் முன்னால் கையை நீட்டத் தயங்குவதில் குற்றமில்லை.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். தடுப்பது மட்டும் நம் வேலையல்ல; கேட்டுப் பெறுவதும் நம் வேலை. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தோல் நோயோடு போன தொழிலாளிக்கு விதிப்படி மருத்துவம் கிடைத்ததா? தணிக்கை செய்யுங்கள் என்று கேட்போம். காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று கேட்போம். நலத்திட்டத்துக்குச் செலவான பணத்தால் நலம் விளைந்ததா? மதிப்பிட்டு மக்கள் முன் வையுங்கள் என்று கேட்போம். குரோமும் சுண்ணாம்பும் இருபது ஆண்டு உழைத்த உடம்பை என்ன செய்கின்றன? அறிவாளர்களே, முறைப்படி எங்களைக் கேட்டுவிட்டு ஆராய்ந்து சொல்லுங்கள் என்றும் கேட்போம்! கணக்கெடுக்காத நோய்க்கு இழப்பீடு கேட்க வழியில்லை; ஆராயாத தீங்கை மன்றத்தில் மெய்ப்பிக்க வழியில்லை.

நான்கும் வேண்டும். நான்கும் தத்தம் பெயரோடு வரட்டும். "ஆய்வு" என்று ஒற்றைச் சொல்லோடு வருபவரிடம், "எந்த ஆய்வு?" என்று கேட்கும் துணிவு ஒவ்வொரு பாட்டாளிக்கும் வரட்டும். தோல் பதப்படுத்தும் கைக்குள் இருப்பதும் ஒரு தோல்தான். அந்தத் தோலுக்கு உரிமையாளர் அந்தத் தொழிலாளி. வேறு எவரும் அல்லர்!